கிழித்த தாளின் பின்பக்கம்

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நான் செய்கிற முதல் வேலை, சுவரில் தொங்கும் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது. கிழித்ததைக் குப்பையில் போடுவதில்லை. திருப்பி வைத்து, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிவைப்பேன். எங்கள் ஆச்சி அந்தப் பக்கத்தில் பால் கணக்கு எழுதினார். நான் எழுதுவது, முன்பக்கத்தில் ஏற்ற முடியாமல் போனதை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்த்தேன். தாளின் நடுவில் பெரிய எண். மேலே ஆங்கில மாதம், தமிழ் மாதம், ஹிஜ்ரி மாதம். கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன். இத்தனையும் உட்கார்ந்த பிறகு எண்ணுக்கு அடியில் ஒரு விரல் அகல இடம் மிஞ்சும். இருபத்திரண்டு எழுத்துக்குமேல் ஏறாத அந்த வரியை நாங்கள் 'விசேஷம்' என்போம். சதுர்த்தியும் அங்கேதான், சுதந்திரப் போராட்டமும் அங்கேதான்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். பஞ்சாங்கக் கணிப்பு ஒருவரிடமிருந்து வரும், விடுமுறைப் பட்டியல் அரசிடமிருந்து வரும். விசேஷப் பட்டியல் மட்டும் எங்கிருந்தும் வராது. போன ஆண்டுப் பட்டியலை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொள்வோம். அது அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து வந்திருக்கும். முதன்முதலில் அதை உட்கார்ந்து எழுதியவர் யார் என்று எங்கள் அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஒருமுறை அந்தப் பட்டியல் என்னைக் காட்டிக்கொடுத்தது. தட்டச்சில் அக்டோபர் 2-க்கு 'காந்தி ஜெயந்தி' மட்டும் வந்திருந்தது. நானும் டிக் அடித்து அனுப்பிவிட்டேன். ஐந்நூறு காலண்டர் கட்டாகி விருதுநகர்க் கடை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். கத்தவில்லை. காலண்டரை மேசைமேல் வைத்து, அந்தத் தாளை விரித்து, "அம்மா, ஐயா போனதும் இதே நாள்தானே? விருதுநகரில் கடை வைத்துக்கொண்டு இதை நான் எந்தச் சுவரில் மாட்டுவேன்?" என்றார். காமராஜர் 1975-இல் காந்தி ஜெயந்தி அன்றுதான் காலமானார். காமராஜர் பிறந்த ஊருக்கு அவரை விட்டுவிட்டு ஒரு காலண்டர்!

தகரம் அடித்துக் கட்டிய காலண்டரில் ஒரு தாளை மட்டும் மாற்ற முடியாது. 'காமராஜர் நினைவு நாள்' என்று பசைத்தாளில் அச்சடித்து, பைண்டிங்கில் வேலை பார்த்த இரண்டு பெண்களோடு நானும் தரையில் உட்கார்ந்தேன். அக்டோபர் 2 ஆண்டின் 275-ஆவது நாள். ஒவ்வொரு காலண்டரிலும் 274 தாளைப் பெருவிரலால் தள்ளி, ஒட்டி, அழுத்தி, மூட வேண்டும். அதற்கப்புறம் பழைய பட்டியலை நான் நம்பியதில்லை. நூலகத்துக்குப் போய் ஒவ்வொரு தேதியையும் சரிபார்க்கத் தொடங்கினேன்.

பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. ராகு காலம் பார்க்கிற நம்மைச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாடும் நாள் பார்த்துத்தான் காரியம் செய்திருக்கிறது. அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே நிறைவேறிவிட்டது. அப்புறமும் முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்ததற்குக் காரணம், 1930 ஜனவரி 26-ஐப் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடியிருந்தார்கள் என்பது. ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்த மவுண்ட்பேட்டன், அது ஜப்பான் சரணடைந்த நாளின் இரண்டாம் ஆண்டு என்பதால்தான் அப்படிச் சொன்னதாகப் பிற்பாடு அவரே கூறியிருக்கிறார். நம் விடுதலை நாளுக்குள் அவருடைய வெற்றி நாள் ஒளிந்திருக்கிறது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் புறப்பட்டது 1930 ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து சரியாகப் பதினோரு ஆண்டு. அந்த ஆண்டு சித்திரை முதல் நாளும் அதே தேதிதான். இதைவிட நல்ல நேரம் எந்தப் பஞ்சாங்கத்தில் கிடைக்கும்?

பாரதியார் விஷயம் வேறு மாதிரி. 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் உயிர் பிரிந்தது. மாநகராட்சிப் பதிவில் 12 என்று இருக்கிறது. அரசு மகாகவி நாள் என்று அறிவித்திருப்பது 11-ஐ. வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு இதில் குழப்பமே இல்லை, ஏனென்றால் எங்கள் தாளில் இரண்டு கடிகாரம் உண்டு. மேல்பாதியில் நாள் நள்ளிரவில் மாறும். கீழ்ப்பாதி பஞ்சாங்கம், அங்கே சூரியன் உதித்தால்தான் மறுநாள். திதி பின்னிரவு மூன்று மணி வரை இருந்தாலும் அது முந்தைய தேதித் தாளில்தான் அச்சாகும். ஆக, பாரதி மேல்பாதிக்கு 12-லும் கீழ்ப்பாதிக்கு 11-லும் போனார். திதி கொடுக்கிற வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இடச் சண்டைகளும் உண்டு. செப்டம்பர் 5-இல் ஆசிரியர் தினம் உட்கார்ந்துகொண்டு வ.உ.சி.யைத் தள்ளிவிடப் பார்க்கும். 'வ.உ.சி. 1872' என்று சுருக்கியாவது நுழைத்துவிடுவேன். டிசம்பர் 24-இல் பெரியாரும் எம்.ஜி.ஆரும். யார் பெயர் முதலில் என்று கேட்டு இரண்டு தரப்பிலிருந்தும் போன் வரும். 1973, 1987 என்று ஆண்டு வரிசையைக் காட்டித் தப்பித்தேன். தமிழ்நாடு நாள் என்பது நவம்பர் 1-ஆ ஜூலை 18-ஆ என்ற கதை தெரிந்ததே. 2021 அக்டோபர் கடைசியில் ஜூலை 18 என்று அரசு அறிவிப்பு வந்தபோது அடுத்த ஆண்டின் பாதித் தாள்கள் அச்சாகி முடிந்திருந்தன. அதைப் பற்றி இதற்குமேல் பேச எனக்குத் தெம்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்த தாள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 லீப் ஆண்டு இல்லை. ஆகவே அவருக்குத் தேதிப்படி முதல் பிறந்தநாள் வந்தபோது வயது எட்டு. அதே 1904 பிப்ரவரி 29 அன்றுதான் மதுரையில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி பிறந்தார். பிற்பாடு 1977-இல், பிரதமராக இருந்த அதே மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்த முன்வந்தார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இதைக் கண்டுபிடித்த அன்று அச்சகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் அசரவில்லை.

முன்பக்கத்தில் ஏறாதவைக்கு வருகிறேன். ஒரு புரட்டாசியில், டிசம்பர் 25 தாளின் புரூஃபில் 'கிறிஸ்துமஸ்' என்ற சிவப்பு எழுத்துக்குக் கீழே 'கீழ்வெண்மணி 1968' என்று சேர்த்து அனுப்பினேன். நாற்பத்துநான்கு பேரைக் குடிசையோடு எரித்த இரவு. முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "டீச்சரம்மா, காலையில் கண் விழித்ததும் பார்க்கிற பொருள் இது. நகைக்கடைக்காரர் காசு கொடுத்துத் தன் பெயரைப் போட்டுக் கொடுக்கிறார். அதில் போய் அசுபத்தைப் போடலாமா?" (நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர்.)

"ஜனவரி 30-ஐப் போடுகிறோமே அண்ணாச்சி?"

"அது காந்தி."

"அக்டோபர் 2-க்கு ஸ்டிக்கர் ஒட்டினோமே?"

"அது காமராஜர். நினைவு நாள் வேறு, சாவு வேறு அம்மா."

பெயர் தெரிந்தவர் இறந்தால் நினைவு நாள், மற்றவர்கள் இறந்தால் அசுபம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் எனக்குக் கேட்டது. நான் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சம்பளம் வாங்குகிற இடம்.

அன்று மாலை வீட்டில் அந்த ஆண்டுக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று மேசையில் கிடந்தது. அதைத் திருப்பி எழுதியதுதான் முதல் வரி. ஓய்வு பெற்ற பிறகு தினமும் எழுதுகிறேன். நவம்பர் 23-இன் பின்பக்கம் 1956-இன் அரியலூர் ரயில் விபத்து. முன்பக்கம் கணித நாள் என்று ராமானுஜனைக் கொண்டாடும் டிசம்பர் 22-இன் பின்பக்கம், 1964-இல் அந்த இரவுப் புயலில் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேராத பாம்பன் பாசஞ்சர். ஜூலை 16-இன் பின்பக்கம் பள்ளித் தீயில் போன கும்பகோணத்துக் குழந்தைகள், 94 பேர். அதை எழுதிய காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

போன வாரம் அண்ணாச்சியின் மகன் பத்திரிகை வைக்க வந்தார். பிஸ்கட் டப்பாவில் இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அச்சகத்துப் பிள்ளை அல்லவா. "பின்பக்கம் அச்சடித்தால் முன்பக்கம் மசி தெரியும் அக்கா. கொஞ்சம் கனத்த காகிதம் போட்டால் செலவு ஏறும்" என்றார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். போகும்போது, "ஜனவரி மாதத்துக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள். மாதிரிக்கு ஐம்பது அடித்துப் பார்க்கலாம்" என்றார். யார் அதை மாட்டுவார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 10-இல் நிற்கிறேன். 1932-இல் திருப்பூரில் ஊர்வலத்தில் குமரன் அடிபட்டது அன்றுதான். உயிர் போனது 11. முன்பக்கத்தில் 11-ஆம் தேதிக்கு அவர் பெயர் எப்போதுமே இருக்கிறது. அவரோடு நடந்து, அவரைப் போலவே அடி வாங்கி, பிழைத்துக்கொண்டவர்களுக்கு நினைவு நாள் கிடையாது. 10-ஆம் தேதியின் பின்பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன். இருபத்திரண்டு எழுத்துக்குள் எழுத வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. பழக்க தோஷம், எண்ணிக்கொண்டேதான் எழுதுகிறேன்.