டேலி ஆச்சா தம்பி?

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் கணக்கு எழுதச் சேர்ந்த புதிதில், இரவு எட்டரைக்கு மேல் தினமும் காதில் விழும் கேள்வி இது. கேட்டபடியே பெரிய கணக்கர் கல்லாவைத் திறப்பார். கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருளின் பேரும் டேலி என்பதால், பேச்சுவழக்கு அதிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டேன். "பேரேட்டுல எழுதுன காலத்துலயே டேலிதான்" என்று சிரித்தார்.

ஒரு நாள் கல்லாவில் 180 ரூபாய் கூடுதலாக இருந்தது. குறைந்தால்தானே கவலை என்று நான் சும்மா இருந்தேன். அவருக்கு அது ஆகாது. "குறைஞ்சா நம்ம காசு போச்சு, அவ்வளவுதான். கூடினா எவனோ ஒருத்தன் கணக்குல கை வெச்சிருக்கோம். ஒன்பதால வகுத்துப் பாரு." மீதியில்லாமல் வகுபட்டது. அப்படியானால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்றார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போட்டால் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வருமாம். பி.காம். முடித்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். அவர் கையெழுத்தில் 1,970. நான் ஏற்றியிருந்தது 1,790. கட்டிய பணத்தில் 180 ரூபாய் அந்த வியாபாரி தலையில் பாக்கியாக நின்றிருக்கும்.

அப்புறம் ஒரு நாள் அகராதியில் டேலியைத் தேடினேன். வெட்டிய குச்சி என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் போய் நின்றது. இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் ரசீதே மரக்குச்சிதான். தொகைக்கு ஏற்றபடி வெட்டு: 1,000 பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், 100 பவுண்டுக்குக் கட்டைவிரல், 20 பவுண்டுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி. வெட்டியபின் குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். வெட்டுகள் பொருந்தினால் டேலி. 1826இல் இந்த முறையை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்பில் போட்டு எரிக்கப்போய், நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

பணம் கொடுத்தவரிடம் இருக்கும் நீளமான பாதிக்கு ஸ்டாக் என்று பேர். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அடிமரம் என்று பொருள். இங்கே கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரசீதைக் கிழித்தபின் புத்தகத்தில் நிற்பதை நாமும் அடிக்கட்டை என்றுதானே சொல்கிறோம்!

மறுநாள் பெரியவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். டெய்லர், ரீடெயில் என்ற சொற்களும் வெட்டுவதிலிருந்து வந்த அதே குடும்பம்தான் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அப்போ நமக்கும் டெய்லருக்கும் ஒரே குலதெய்வம்னு சொல்லு. சரி, இன்னைக்கு டேலி ஆச்சா?"

இரண்டு ரூபாய் உதைத்தது. ஒன்பதால் வகுபடாது.