பதில் சொல்ல வேண்டியது அவள்தான்

எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்ததிலிருந்து, "உயிரே போனாலும் ரத்தம் ஏத்த மாட்டாங்களாமே" என்பதுதான் கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூடப் பேச்சு. அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரத்தத்துக்கு விலகியிருக்கச் சொல்லும் பைபிளின் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தை மற்றச் சபைக்காரர்கள் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவர்களோ 1945இலிருந்து நரம்பு வழியாக ஏற்றுவதும் அதில் சேரும் என்கிறார்கள். முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா எதுவும் கூடாது. ஆனால் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின், இம்யூனோகுளோபுலின் மாதிரியானவற்றை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறார்கள்.

வயது வந்த, புத்தி தெளிவாக உள்ள ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். கனடாவில் 1979இல் விபத்தில் நினைவிழந்து வந்த பெண்ணின் பையில் ரத்தம் ஏற்றக் கூடாது என்று எழுதிய அட்டை இருந்தது. டாக்டர் அதை மீறி ஏற்றி உயிரைக் காப்பாற்றினார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் 20,000 டொலர் நட்டஈடு கட்டத்தான் வேண்டும் என்றது. எனக்கு மனசு கேட்காத தீர்ப்பு, ஆனாலும் சரியான தீர்ப்பு.

என் கேள்வி வேறு, வேண்டாம் என்று சொல்வது யார்? இங்கிலாந்தில் 1992இல் ஒரு வழக்கு. தானே அந்தச் சபையில் சேராத ஒரு கர்ப்பிணிப் பெண், யெகோவாவின் சாட்சியான தன் தாயோடு தனியாக இருந்த பிறகு ரத்தம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். அது அவளுடைய சொந்த முடிவு இல்லை என்று நீதிமன்றம் ரத்தம் ஏற்ற அனுமதித்தது.

நம்ம மலையகத்து வார்டுகளில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் பல இடங்களில் டாக்டர் சிங்களத்தில் கேட்பார், கர்ப்பமான பிள்ளைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், இடையில் நின்று மொழிபெயர்ப்பது புருஷனோ மாமியாரோ. நான் ஒரு முறை மொழிபெயர்க்கப் போனபோது டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் மாமியார் "ரத்தத்துல செஞ்ச எதுவும் வேணாம்" என்று முடித்துவிட்டார். அந்தப் பிள்ளையின் ரத்த வகை ஆர்எச் நெகடிவ். அடுத்த குழந்தையைத் தாயின் எதிர்ப்பணுக்கள் தாக்காமல் காக்க அவளுக்குப் போட வேண்டிய அன்டி-டி ஊசியும், பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்பதால், அந்த "எதுவும்" என்பதற்குள் போயிற்று. நல்லவேளை, டாக்டர் அம்மா வீட்டு ஆட்களை எல்லாம் வெளியே அனுப்பினார். அவள் முதலில் என்னிடம் கேட்டது, "அக்கா, நான் சொல்றத இவங்க எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருவாங்களா?" சொல்ல மாட்டார்கள் என்ற பிறகு நிறைய நேரம் யோசித்துவிட்டு, ரத்தம் வேண்டாம், அது என் விசுவாசம், ஆனால் அந்த ஊசியைப் போடுங்கள் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரத்தம் ஏற்றிக்கொள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சத் தோன்றியது, கெஞ்சவில்லை. ஏனென்றால் அந்தப் பதில் முழுக்க அவளுடையது.

அவள் தொடர்ந்து மறுக்கலாம், இடையில் மனம் மாறவும் செய்யலாம். தெரிந்தே ரத்தம் ஏற்றிக்கொண்டு அதற்கு வருந்தாத ஒருவரை, தானே சபையை விட்டுப் போனவராகத்தான் சபைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், கூடப் பிறந்தவர்களே பேசாமல் ஒதுங்குவார்கள். லயத்துக் காம்பராவில் ஒரே கூரைக்குக் கீழே அப்படி வாழ வேண்டும் என்றால் அந்தப் பயமும் விசுவாசம் மாதிரியே பேசும். அதனால்தான் ஒரு தடவை கேட்டால் போதாது என்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு கிடையாது. பெற்றோர் தங்கள் நம்பிக்கைக்காகத் தியாகிகள் ஆகலாம், சுயமாக முடிவெடுக்கும் வயது வராத பிள்ளையை ஆக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944இலேயே இதே சபைக்காரர் ஒருவரின் வழக்கில் சொன்னது. அது ரத்தம் பற்றிய வழக்கு இல்லை, ஆனாலும் இதற்கும் பொருந்தும்.

அப்புறம், ரத்தத்தை மறுக்கிற தாய்க்கு ரத்தசோகையோடு பிரசவம் நடக்க விடவே கூடாது. கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனாலே பொதுவாக ரத்தசோகை என்பார்கள். தோட்டத்துத் தாய்மாரிடம் இது சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று, இரும்பு மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்கினால் பாதி பிரயோசனம் போய்விடும் என்பதைக்கூட யாரும் அவர்களுக்கு விளங்கப்படுத்துவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே இரும்பை நரம்பு வழியாக ஏற்ற ஏற்பாடு செய்தார்கள், பிரசவத்தையும் வசதியுள்ள பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இதையெல்லாம் கிளினிக்குக்கு வருகிற முதல் மாதங்களிலேயே, மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தமிழில் கேட்டுச் செய்திருக்கலாம்.