நுளம்பு வகுப்பு: நவம்பர் குறிப்புகள்

2024 நவம்பர் 3, ஞாயிறு
டெங்குத் தொண்டர்களுக்கான முதல் இணைய வகுப்பு. முடிந்தது என்பதைவிட அறுந்தது என்றால் சரி. சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் வெட்டிவிடும் என்று தெரிந்தும் 52 சிலைடு செய்து வைத்திருந்தேன். சனசமூக நிலையங்களில் இருந்து சேர்ந்த 23 பேரில் 19 பேர் கமெராவை மூடியிருந்தார்கள். பருத்தித்துறைப் பிள்ளை ஒருத்தி பிறகு சொன்னாள்: "அக்கா, நான் சமைச்சுக்கொண்டுதான் கேட்டனான்."

நவம்பர் 5
சிலைடுகளை வெட்டும் வேலை. ஒரு வீட்டு வளவுக்குள் போகிறவருக்கு என்ன வேண்டும்? தேங்கிய தண்ணீரைக் காணவேண்டும், குடம்பியை (நுளம்பின் புழுப் பருவத்தை) அடையாளம் பிடிக்கவேண்டும், வீட்டார் முகம் சுளிக்காதபடி கதைக்கவேண்டும். நான்கு வகை வைரஸ் பற்றிய சிலைடுகளை மனமில்லாமல்தான் எடுத்தேன். மிச்சத்தை மூன்று நிமிடக் குரல் பதிவுகளாக வாட்ஸ்அப்பில் போடுகிறேன்; வீடியோ என்றால் டேட்டா தின்றுவிடும்.

நவம்பர் 10, ஞாயிறு
வீட்டுவேலை: சொந்த வளவில் தேடிப் படம் அனுப்புங்கள். சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு என்று வந்து குவிந்தன. நெடுந்தீவுத் தம்பி ஒரு வெள்ளைக் கோப்பையைப் படம் பிடித்திருந்தார். தலைகீழாகத் தொங்கும் குடம்பிகள் நிழல் விழுந்ததும் நெளிந்து அடிக்கு ஓடுகின்றன. கீழே ஒரு கேள்வி: "அக்கா, இது எங்கட கிணத்துத் தண்ணி. உவர்த் தண்ணியிலையும் வருமோ?"

'சுத்தமான நன்னீரில் மட்டும் வளரும்' என்று 7ஆம் சிலைடில் பெரிய எழுத்தில் போட்டவள் நான். யாழ்ப்பாணக் கரையோரத்து உவர்நீரில் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு வளர்வதை இங்குள்ள ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். அதோடு, கிணறு இல்லாத வளவு எங்கே இருக்கிறது இங்கே? 52 சிலைடிலும் கிணறு என்ற சொல்லே இல்லை. அன்றிரவே திருத்தி ஒரு பதிவு போட்டேன், தம்பிக்கு நன்றியும் சொல்லி.

நவம்பர் 14
தேர்தல். வகுப்பு இல்லை.

நவம்பர் 28
மழை, வெள்ளம், கரண்ட் இல்லை. உயர்தரப் பரீட்சையைக் கூட இடைநிறுத்திவிட்டார்கள். சூம் பற்றி நினைக்கவே முடியாது. ஆனால் சிக்னல் கிடைக்கும் நேரம் பார்த்துப் பதிவுகளைக் கேட்கிறார்கள். இன்று போட்டது தொட்டி தேய்ப்பது பற்றி: முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்தும் சாகாது. தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பிரஷ் வேண்டும்.

டிசம்பர் 1
வெள்ளம் வடிகிறது. சமைத்துக்கொண்டு கேட்ட பிள்ளை, தேய்த்த தொட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறாள். அடுத்த குழுவுக்கு முதல் நாளே கையில் அகப்பையும் வெள்ளைக் கோப்பையும்தான். சூம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.