குடும்பத் தலைவர் என்ற கட்டம்

தமிழ்நாட்டில் ஈழத்தமிழர் அகதி முகாமில் எல்லாமே குடும்பக் கணக்குதான். வீடு குடும்பத்துக்கு, மாத உதவித்தொகையும் குடும்பத்தை வைத்துத்தான். 2021-இல் தமிழ்நாடு அரசு அந்தத் தொகையை உயர்த்தியபோது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று பிரித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியதும் அதே ஆண்டில்தான். வெறுங்கையோடு கடல் கடந்து வந்தவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பதிந்ததில் தவறில்லை. ஆனால் சொந்த வீட்டிலேயே அடி வாங்கி வெளியேறும் பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இடம் எங்கே? சென்னையில் பால்புதுமையின அகதிகளுக்கு, அதாவது தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநர் போன்றவர்களுக்கு, ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எங்கே தொடங்கினாலும் என் வேலை இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் ஈழத்தமிழர்களை அரசே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. வேறு சில நாடுகளிலிருந்து வருபவர்கள் ஐ.நா. அகதிகள் முகமையின் அட்டையோடு வாழ்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முகாமில் பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள்.

அவர்களைப் பார்த்து ஊரார் சுலபமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: போர்தான் 2009-இலேயே முடிந்துவிட்டதே, ஏன் திரும்பிப் போகவில்லை? ஒரு திருநங்கை என்னிடம் சொன்னாள்: "எல்லாரும் போ எண்டு சொல்லினம் அக்கா. அங்க போனா நான் ஆராய் இருக்கிறது?" ஆங்கிலேயர் 1883-இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டம் இலங்கையில் இன்னும் இருக்கிறது. அதன் 365, 365ஏ பிரிவுகளின்படி தன்பாலுறவு அங்கே குற்றம். இந்தியாவில் அதே போலத் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று விலக்கிவிட்டது. தமிழர் என்பதால் ஓடிவந்தவருக்குத் திரும்பிப் போக முடியாததற்கு இப்படி இரண்டாவது காரணம் ஒன்று இங்கே வளர்ந்த பிறகு சேர்ந்துவிடுகிறது. அந்தக் காரணம் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அதை எழுத்தில் ஏற்றுவது என் வேலையின் முக்கியமான பகுதி என்று நம்புகிறேன்.

எழுதும்போது அந்தரங்கத்தைத் துருவக்கூடாது. யாரோடு, எப்போது, எப்படி என்று கேட்டு ஒருவரின் பாலீர்ப்பை நிரூபிக்க வைக்கக்கூடாது. புகலிடம் கேட்டு வருபவர்களை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் இதைத்தான் சொன்னது. நாங்களும் அப்படியே நடக்கிறோம். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்ல வைப்பதில்லை. வந்த முதல் நாளே அழ வைத்துக் கதை கேட்பது எனக்கு அறவே பிடிக்காது. முதலில் சாப்பாடு, படுக்க இடம், மருந்து. மற்றதெல்லாம் பிறகு.

படுக்க இடம் என்பதுதான் பெரும்பாடு. சென்னையில் வாடகைக்கு வீடு தேடினால் "ஃபேமிலியா, பேச்சுலரா?" என்பார்கள். பிறகு மாதக்கணக்கில் அட்வான்ஸ், பிறகு ஆதார். முகாம் அடையாள அட்டையைப் பார்த்ததுமே சிலர் கதவைச் சாத்துகிறார்கள். வளசரவாக்கம், போரூர் பக்கம் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதால் அங்கே வீடு கிடைப்பது கொஞ்சம் எளிது. ஆனால் பக்கத்து வீட்டில் அப்பாவுக்குத் தெரிந்தவர் இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் எங்களிடம் வருகிறவர்கள் அந்தப் பக்கமே வேண்டாம் என்கிறார்கள்.

திருநங்கைகளுக்கு ஜமாத் என்ற அவர்களுடைய சொந்தச் சமூக அமைப்பு இருக்கிறது. மூத்தவர் ஒருவர் மகளாகத் தத்தெடுத்துக்கொள்வார், அன்றிலிருந்து அம்மா உண்டு, சகோதரிகள் உண்டு. முகாம் பதிவேடு தராத குடும்பத்தைச் சென்னையின் திருநங்கை அம்மாக்கள் தருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் அதைச் செய்ய முடியாது. ஆனால் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை, ஒருவரையொருவர் விரும்பும் பெண்களுக்கும் இல்லை.

அப்படி இரண்டு பெண்கள் வந்தார்கள், ஒருத்தி முகாமைச் சேர்ந்தவள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவின் நகலோடு காவல் நிலையத்துக்குப் போனோம். காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர்கள் விருப்பத்தோடு சேர்ந்து வாழும் பால்புதுமையினர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது அது. வாக்குமூலம் வாங்கினார்கள், புகார் முடிந்தது. முகாமில் அவள் நிலை முடியவில்லை. மாதாமாதம் செக்கிங், அதாவது முகாமில் ஆட்களைச் சரிபார்ப்பது, நடக்கும்போது ஆள் இல்லையென்றால் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும் அபாயம் உண்டு. போனால் உதவித்தொகை மட்டுமல்ல, சட்டப்படி இங்கே இருப்பதற்கான ஆதாரமும் ஆட்டம் காணும். செக்கிங்குக்குப் போனாலோ, வாசலில் அண்ணன் நிற்பான்.

ஆகவே நாங்கள் அதிகாரிகளிடம் வைக்கும் கோரிக்கை சிறியது. குடும்பத்தை விட்டுப் பிரிந்த, வயது வந்த எவருக்கும், காரணம் கேட்காமல், தனிப் பதிவு வேண்டும். அவருக்கு அவரே குடும்பத் தலைவர். வேறு முகாமுக்கு மாறவோ வெளியே தங்கவோ விரும்பினால், வீட்டாரின் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பிக்க முடிய வேண்டும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மனுவில் திருநம்பிகளையும் இந்தப் பெண்களையும் முதலில் வைத்திருக்கிறோம், முகாமை விட்டால் போக்கிடம் மிகக் குறைவாக இருப்பது அவர்களுக்குத்தான்.