டொலர் ஏறிய வருஷம் அம்மாவுக்கு அரைப்பேர்

உலகமயமாக்கலால் ஏழை நாடுகளில் வறுமை குறைந்ததா, கூடியதா என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். 1867 இல் கண்டிப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் தேயிலை போட்ட நாளிலிருந்து இலங்கை மலையகத்தில் நாங்கள் உலகச் சந்தைக்குத்தானே கொழுந்து பறிக்கிறோம், இதில் புதுசாக என்ன மயமாக்க இருக்கிறது?

சரி, 2022 ஐ மட்டும் சொல்கிறேன். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. தேயிலைக்கு வெளிநாட்டுக்காரன் டொலரில் காசு கொடுப்பதால், கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை அந்த வருஷம் ரூபாய்க் கணக்கில் இரண்டு மடங்காகிவிட்டது. அம்மாவின் நாட்சம்பளமோ 2021 இல் அத்தனை போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த அதே 1,000 ரூபாய்தான். கிடைத்தபோது அது ஐந்து டொலர், ஒரே வருஷத்தில் மூன்று டொலருக்கும் கீழே. ஆனால் கோதுமை மா டொலரோடு சேர்ந்தே மலையேறியது. கிலோ 300 ஐத் தாண்டியதும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ரொட்டி மெலிந்துகொண்டே போனது, சம்பலுக்குத் தேங்காய் இல்லாமல் கொச்சிக்காயையும் உப்பையும் இடித்து வைத்த நாட்களும் உண்டு.

அதைவிடக் கொடுமை அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள், அப்புறம் உக்ரைன் யுத்தத்தோடு உலகச் சந்தையில் உர விலை எகிறியது. உரம் போடாத செடி எங்கிருந்து துளிர்க்கும்? எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், மலையில் கொழுந்தே இல்லாதபோதும் அந்த 18 இறங்கவில்லை. அம்மா 12, 13 கிலோவோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து அரைப்பேர் வாங்கினார். கம்பெனிக்கும் டீசல், உரம் என்று செலவு கூடியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நட்டம் வந்தால் உலகச் சந்தையைக் காட்டுகிறவர்கள் ஏல விலை ஏறியபோது அந்தப் பக்கமே திரும்பவில்லையே.

அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் தங்கச்சி கட்டுநாயக்கவுக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே தைப்பதும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும்தான். சம்பளம் ரூபாயில்.