நாராவில் 26 லட்சம் பேருக்காக ஓர் இரவு

ஜப்பானில் நாரா நகரத்தின் தோதாய்ஜி கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெரிய புத்தரைத் தரிசித்து, மான்களுக்கு அரிசி பிஸ்கட் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலைச்சரிவில் இன்னும் கொஞ்சம் ஏறினால் நிகாட்சுதோ என்ற மண்டபம் வரும். பதினொரு முகம் கொண்ட கன்னோன், அதாவது நம் அவலோகிதேஸ்வரர் என்ற கருணையின் போதிசத்துவர், அங்கே மூலவர். வருடா வருடம் மார்ச் 1 முதல் 14 வரை அங்கே ஷுனிஏ என்ற வழிபாடு நடக்கிறது. ஊர்மக்கள் அதை ஓமிசுதோரி என்பார்கள். உலகத்தார் செய்த பிழைகளுக்கெல்லாம் பதினொரு துறவிகள் தாங்களே மன்னிப்புக் கேட்டு, எல்லோருடைய நலத்துக்காகவும் வேண்டும் வழிபாடு அது. 752-ல் ஜிச்சு என்ற துறவி தொடங்கியது. 1667-ல் வழிபாட்டுக்கு நடுவிலேயே நிகாட்சுதோ எரிந்துபோனது. அந்த வருடம்கூட நிற்கவில்லை.

இதில் மார்ச் 5, 12 ஆகிய இரண்டு இரவுகளில் ஒரு பதிவேட்டை வாசிப்பார்கள். கோயிலைக் கட்டியவர்கள், காத்தவர்கள், காணிக்கை கொடுத்தவர்கள் என்று மறைந்துபோனவர்களின் பட்டியல். அதைக் கேட்பதற்காகத்தான் போனேன். போகச் சொன்னது எங்கள் தொழிற்சாலையில் லேத் பிரிவின் மூத்தவர்.

நான் வேலை பார்ப்பது ஒசாகாவில், இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில். காலையில் வானொலி இசைக்கு எல்லோரும் கைகாலை வீசி உடற்பயிற்சி செய்வோம், அப்புறம் தரையைக் கூட்டுவோம், பிறகுதான் இயந்திரங்கள் ஓடும். விடுப்பு இருந்தாலும் எடுக்கக் கூசுவார்கள். நம்முடைய வேலை இன்னொருவர் தலையில் விழுமே என்ற எண்ணம். அப்படிப்பட்ட இடத்தில் மூத்தவர் மட்டும் மார்ச் மாதத்தில் அரைநாள் விடுப்பு போடுவார். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார். சொந்த ஊர் மியாகி மாகாணத்தின் இஷினோமாகி. 2011 மார்ச் 11, பிற்பகல் 2:46-க்கு நிலம் ஆடியது. பின்னாலேயே வந்த ஆழிப்பேரலையில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவருடைய வயதான அம்மா ஊரில் தனியாக இருந்தார். தொலைபேசி இல்லை, ரயில் இல்லை. சாலை திறந்ததும் இவர் புறப்பட்டுப் போனார். மேட்டில் இருந்த ஒரு புத்தர் கோயில் தன் பெரிய மண்டபத்தைத் திறந்துவிட்டிருந்தது. சமைக்க ஒரு குழு, ஓடையில் தண்ணீர் மொள்ள ஒரு குழு, கழிப்பறைக் குழி வெட்ட ஒரு குழு என்று அங்கிருந்தவர்கள் அரசாங்கத்துக்குக் காத்திராமல் தாங்களே பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் சுவரில் தாள் தாளாக ஒட்டியிருந்தது, உள்ளே உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள். மூன்றாவது தாளின் கீழ்ப்பகுதியில் அம்மாவின் பெயரைப் படித்தாராம். "அந்தப் பெயரை எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் ஊரில் இருந்த நாட்களில் இங்கே அவருடைய இயந்திரத்தை மற்றவர்கள் முறைபோட்டு ஓட்டினார்கள். ஓர் உறையில் பணம் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து வணங்கினார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

இந்த வருடம் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்ததால் நாங்கள் இருவருமாகக் கிளம்பினோம். நம்பா நிலையத்திலிருந்து கிந்தெட்சு ரயிலில் ஒரு மணிக்கும் குறைவுதான். நாரா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு நீரூற்று, அதன்மேல் ஒரு துறவியின் சிலை. கியோகி. அவசரமாகக் கடந்துபோக வேண்டாம், ஒரு நிமிடம் நின்று வணங்கிவிட்டுப் போங்கள். அந்தக் காலத்தில் ஊர் ஊராக வரிப்பொருளைத் தலையில் சுமந்து தலைநகருக்கு வந்த கூலிகள், திரும்பும் வழியில் பசியால் செத்து விழுந்தார்கள். அவர்கள் தங்கிப் போக ஒன்பது சத்திரங்கள் கட்டினார் இவர். ஏரி வெட்டினார், பாலம் போட்டார், எல்லாம் மக்களைச் சேர்த்துக்கொண்டு. 717-ல் அரசு இவரைக் கண்டித்து ஆணை பிறப்பித்தது. 745-ல் அதே அரசு துறவிகளிலேயே மிக உயர்ந்த பதவியைக் கொடுத்தது, பெரிய புத்தரைச் செய்ய இவர் துணை தேவைப்பட்டதால்.

பெரிய புத்தர் பிறந்ததும் பேரிடரிலிருந்துதான். 734-ல் பெரிய நிலநடுக்கம். 735 முதல் 737 வரை பெரியம்மை, தலைநகரின் அமைச்சர்கள் முதல் குடியானவர்கள் வரை அள்ளிக்கொண்டு போனது. பேரரசர் ஷோமு 740-ல் இன்றைய ஒசாகா பக்கம் ஒரு கோயிலைப் பார்த்தார். சாதாரண ஜனங்கள் கூடிப் பொருள் போட்டுக் கட்டியது. அது அவர் மனதில் தங்கிவிட்டது. 743-ல் புத்தரைச் செய்ய ஆணையிட்டபோது, ஒரு கிளைப் புல்லோ ஒரு கைப்பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்புகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அம்மா செருப்பைக் கழற்றப் பார்த்தாள்; இங்கே அதற்கு அவசியமில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர். வலது கை 'அஞ்சாதே' என்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள் அம்மா. இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்றேன்.

"நம்ம பக்கத்து ஆளாடி?"

"தென்னிந்திய அந்தணர்னு எழுதி வச்சிருக்காங்கம்மா."

போதிசேனர் சீனா வழியாக 736-ல் ஜப்பான் வந்தார். 752-ல் அவர் கண் எழுதிய தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம், அந்தப் புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் பக்கத்திலேயே ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கயிறு மட்டும் சுமார் 190 மீட்டர்.

சிலைக்குப் பூசப் பொன் போதாமல் தவித்தபோது, 749-ல் வடக்கே முட்சு நாட்டில் பொன் கிடைத்தது. அந்த இடம் இன்றைய மியாகி மாகாணத்தின் வாகுயா, இஷினோமாகிக்கு அடுத்த ஊர். மூத்தவருக்கு அதில் அப்படி ஒரு பெருமிதம்.

1180-ல் போரில் கோயில் எரிந்தது. 61 வயதில் சோகென் என்ற துறவி பொறுப்பேற்று, ஊர் ஊராகக் காணிக்கை திரட்டி எழுப்பினார். 1567-ல் மறுபடியும் தீ. புத்தர் நூறு வருடத்துக்கும் மேலாக மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார். கோகெய் என்ற துறவி திரும்பவும் தெருவில் இறங்கிக் கையேந்தினார். 1692-ல் மறுபடி கண் திறந்தார்கள். இப்போதைய மண்டபம் 1709-ல் முடிந்தது. இன்றைக்கும் உள்ளே ஓர் ஓரத்தில் கூரை ஓடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காணிக்கை செலுத்தி நம் பெயரை எழுதித் தரலாம். அம்மா என்னிடம் பேனா வாங்கி, அப்பா பெயரைத் தமிழில் எழுதினாள்.

மாலை 7 மணிக்கு நிகாட்சுதோவில் தீப்பந்தங்கள் ஏறின. நீண்ட மூங்கில், முனையில் பந்துபோல் தேவதாரு இலைக் கட்டு. ஒவ்வொரு துறவிக்கும் படிக்கட்டில் வெளிச்சம் காட்டிக்கொண்டு ஒருவர் தூக்கி வருகிறார். பின்பு மாடத்தின் விளிம்பில் அதை நீட்டிச் சுழற்றியபடி ஓடுகிறார். தீப்பொறி மழையாய்க் கொட்டுகிறது. "சொக்கப்பனை மாதிரியே இருக்குடி" என்ற அம்மா, முடிந்ததும் மற்ற பாட்டிமார்களோடு சேர்ந்து குனிந்து கரிந்த இலைத்துண்டுகளைப் பொறுக்கினாள். வீட்டில் வைத்தால் நோய்நொடி அண்டாது என்பது இவர்கள் நம்பிக்கை. கோட்டுக்குள் கைவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் விஷயமே. உள்மண்டபத்தைச் சுற்றி இருட்டான பக்க அறைகள் இருக்கின்றன; பெண்கள் அங்கே உட்கார்ந்து கேட்கலாம். மரச்சட்டங்களுக்கு அப்பால் ஒரு வெள்ளைத் திரை, எண்ணெய் விளக்கொளியில் அதன்மேல் துறவிகளின் நிழல். மரக்காலணிகள் தடதடக்க ஓடுகிறார்கள். ஒருவர் முழங்காலைப் பலகையில் மோதி விழுந்து வணங்கும் சத்தம் நெஞ்சில் இடிக்கிறது.

பிறகு பதிவேடு. மூத்தவர் முதல் பக்கங்களை எனக்குப் படியெடுத்துத் தந்திருந்தார். முதலில் ஷோமு, மிக நிதானமாக. பேரரசி கோம்யோ. கியோகி. கொஞ்சம் தள்ளி, கண் திறந்த இந்திய ஆசாரியர் போதி என்று வந்தபோது அம்மாவின் கையை அழுத்தினேன். சிற்பி, தச்சர்கள் பெயரெல்லாம் வந்தன. அதன் பின் மரம் கொடுத்தவர்கள் 51,590 பேர். அதற்கு உழைத்தவர்கள் 16,65,071 பேர். உலோகம் கொடுத்தவர்கள் 3,72,075 பேர். அதற்கு உழைத்தவர்கள் 5,14,902 பேர். மொத்தம் 26 லட்சம். பெயர் தெரியாது, ஆனால் அரசர்களை வாசித்த அதே வாயால், அதே ராகத்தில் அவர்களையும் வாசிக்கிறார்கள்.

அந்த வேலை எல்லோருக்கும் இனித்திருக்காது. கோயில் கட்டியதில் ஜனங்கள் அல்லல்பட்டார்கள் என்று 757-லேயே தச்சிபானா நோ நராமாரோ என்ற அரசவைப் பிரமுகர் குற்றம் சாட்டினார். வேலைப்பளுவால் மனிதர்கள் செத்துப்போவது இன்றைய ஜப்பானிலும் உண்டு. கூடுதல் நேர வேலைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு வந்ததே 2019-ல்தான். அதனால்தான் அந்த எண்களைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. நன்றியும் இருக்கிறது அதில், கடனும் இருக்கிறது.

பட்டியல் பிறகு வேகம் பிடிக்கிறது. ஓரிடத்தில் குரல் சட்டென்று தாழ்ந்து, "நீல ஆடை அணிந்த பெண்" என்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த துறவியின் முன் ஒரு பெண் தோன்றி, என் பெயரை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டு மறைந்தாளாம். யாரென்று தெரியாததால் அன்று முதல் இப்படியே வாசிக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: 12-ஆம் தேதி பந்தங்கள் இன்னும் பெரியவை, ஆனால் கூட்டம் தாங்காது. 5-ஆம் தேதியே நல்லது. பக்க அறையில் பேச்சும் படமெடுப்பதும் கூடாது. தரை ஜில்லென்று இருக்கும், இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பொன் கிடைத்த இடத்தையும் பார்க்க வேண்டுமென்றால் இஷினோமாகி ரயில் பாதையில் வாகுயா நிலையம் இருக்கிறது, அந்த இடத்தில் கொகானேயாமா கோயில். மூத்தவர் அடுத்த வருடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார், என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.