காணிக்கைப் பெட்டியும் பன்னிரண்டு மனுக்களும்

எங்கள் திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும். 2024 ஜூனில் ஒரு கூட்டம் முடியும் நேரம், ஒரு பெரியம்மா தயங்கித் தயங்கி எழுந்தார். "விதவை பென்ஷனுக்கு எழுதிப் போட்டு ரெண்டு வருசமாச்சு. மூவாயிரம் குடுத்தா முடிச்சுத் தாரேன்னு ஒருத்தர் சொல்றார். சங்கத்துல கடனாக் குடுங்க, பணம் வந்ததும் கட்டிருதேன்" என்றார்.

அந்த ஓய்வூதியம் அப்போது மாதம் 1,200 ரூபாய். நான்தான் சங்கத்தின் பொருளாளர். மனம் இளகி, கொடுத்துவிடலாம் என்றே சொன்னேன். ஆயரம்மா என்னைப் பார்த்து, "குடுக்கலாம்மா. ஆனா கணக்கு நோட்டுல என்னன்னு எழுதுவ?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் சங்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இன்னொன்றும் சொன்னார். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்துவிட வேண்டும். காணிக்கைப் பெட்டியைத் திறக்கவில்லை.

அந்த வாரம் நாங்கள் படித்தது லூக்கா 18-ஆம் அதிகாரம். யாரையும் மதிக்காத ஒரு நியாயாதிபதியிடம் ஒரு விதவை திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிற உவமை அது. சிறுவயதிலிருந்து அதைச் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கான பாடமாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவள் நடந்து போன இடம் என் கண்ணில் பட்டது. அவள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறாள். நாங்கள் இவர்களுக்காக ஜெபித்திருக்கிறோமே தவிர, ஒருநாளாவது கூடப் போனதில்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஊராட்சி முழுக்க விசாரித்ததில், இப்படி மனு நின்றுபோனவர்கள் பன்னிரண்டு பேர். ஏழு பேர் எங்கள் சபை. நான்கு பேர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். "முதல்ல நம்ம ஆளுகளுக்குப் பார்ப்போமே" என்று ஒரு பேச்சு வந்தது. அரைமணி நேரம் வாதம் நடந்தது. நியாயம் கேட்கப் போகிறவர்கள் பாதிப் பேரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் ஒப்புகைச் சீட்டுகளைத் தேடினோம். எட்டுப் பேரிடம் இருந்தது. மற்ற நால்வரையும் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்ப் புதிதாகப் பதிய வைத்தோம். மனு எண் இல்லாமல் எந்த மேசையிலும் பேச முடியாது.

அப்புறம் ஆகஸ்ட் 15 கிராம சபை. மூவாயிரத்துக்கு மேல், பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 200 பேர் வர வேண்டும். நாற்பது பெண்கள் சேர்ந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மனுக்களையும் விசாரிக்கக் கோரும் தீர்மானத்தை, புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தோம். அக்டோபர் 2 கிராம சபையிலும் அதையே கேட்டோம். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்து பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இறங்கினோம். இங்கே நான் ஒரு தவறு செய்தேன். பன்னிரண்டு பேரின் விவரத்தையும் என் பெயரில் ஒரே மனுவில் கேட்டுவிட்டேன். பிறருடைய தனிப்பட்ட தகவலைத் தர இயலாது என்று பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டிப் பதில் வந்தது. என் கேள்விகளும் சரியில்லை. 'ஏன் தாமதம்?' என்று கேட்டிருந்தேன். ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும் என்று ஆசிரியை விளக்கி, ஒவ்வொருவரும் இப்படிக் கேட்கலாம் என்றார்: என் மனு இன்றுவரை எந்தெந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? அவர்களுடைய பெயர், பதவி என்ன? கள விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும். கோப்பை நேரில் பார்வையிட வேண்டும். இந்த நான்கே போதும்.

ஜனவரியில் அவரவர் பெயரில் பன்னிரண்டு மனு எழுதினோம். ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. வறுமைக் கோட்டுச் சான்று இருந்தவர்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எழுதுவதைவிட அவர்களுடைய பயத்தைப் போக்கத்தான் அதிக நேரம் ஆனது. "பேரு குடுத்தா இருக்கிற ரேஷன் கார்டையும் புடுங்கிருவாங்களோ?" என்று ஒரு அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம் என்று சட்டத்தின் 6(2) பிரிவை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ராஜஸ்தானின் பியாவரில் 1996-இல் கிராமத்து மக்கள் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்து, கூலிக் கணக்கைக் காட்டு என்று கேட்டதையும், அந்தப் போராட்டமெல்லாம் சேர்ந்துதான் 2005-இல் இந்தச் சட்டம் வந்ததையும் ஆசிரியை சொன்னார். அதைக் கேட்டபின்தான் அந்த அக்கா கைநாட்டு வைத்தார்.

முப்பது நாள் போனது. பதில் இல்லை. பிரிவு 19(1)-இன்படி முதல் மேல்முறையீடு அனுப்பினோம். இதற்குக் கட்டணம் கிடையாது. பதிவுத் தபால் ரசீதுகளை மட்டும் பத்திரமாக ஒட்டி வைத்தோம். ஏப்ரலில் கோப்பைப் பார்வையிட அனுமதி வந்தது.

அந்தக் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஐந்து பேருடைய விசாரணை அறிக்கையிலும் ஒரே வரி: 'விசாரணையின்போது மனுதாரர் வீட்டில் இல்லை.' ஐந்து பேரும் வெவ்வேறு தெரு. கையெழுத்து ஒரே கை. தேதியும் ஒன்றே, 2.10.2024. காந்தி ஜெயந்தி, அரசு விடுமுறை. அன்றைக்கு அந்த ஐந்து பேரும் எங்களோடு கிராம சபையில் இருந்தார்கள். மற்ற ஏழு கோப்புகளில் விசாரணை அறிக்கையே இல்லை.

சிலருக்குக் கோபம் பொங்கியது. சத்தம் போட வேண்டாம், கையில் காகிதம் இருக்கிறது என்று ஆயரம்மா அமர்த்தினார். சான்றிட்ட நகல்களையும், கிராம சபை வருகைப் பதிவேட்டின் நகலையும் இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்தோம். பன்னிரண்டு மனுவும் தனித்தனியாக, ஒவ்வொருவர் கையாலும். மூன்று வாரத்தில் மறுவிசாரணைக்கு ஆள் வந்தார். இந்த முறை வீடு வீடாக வந்தார்.

ஜூன் முடிவதற்குள் பத்துப் பேருக்கு ஆணை வந்துவிட்டது. யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. கடன் கேட்ட பெரியம்மாவும் அதில் ஒருவர். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் மே மாதமே இறந்துபோனார். அவர் பெயருக்கு எதிரே என் நோட்டில் இருக்கும் காலியிடத்தைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டு வருடம் முன்பே கிளம்பியிருக்கலாமே என்று வலிக்கிறது.

பன்னிரண்டாவது அந்த ரேஷன் கார்டு அக்கா. அவருடைய மனுவை நிராகரித்திருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(டி). காரணத்தைக் கேட்டு இந்தச் செவ்வாய் மனு எழுதினோம். என்னென்ன கேட்க வேண்டும் என்று இந்த முறை அக்காவே சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.